வேலைநிறுத்தத்தில் இருப்பவரின் குரலில் வகுப்பு நடப்பது குறித்து

அனுப்புநர்:
தற்காலிக விரிவுரையாளர்,
மின்னியல் துறை
(தற்போது பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே)

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்

பொருள்: வேலைநிறுத்தத்தில் உள்ள எனது பழைய பாடப் பதிவுகளை ஓட்டி, வகுப்புகள் நடப்பதாக நிர்வாகம் கூறுவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

1. பருவத் தேர்வு முடிந்ததும் எங்களை நீக்குவதும், அடுத்த பருவத்துக்கு மறுபடி சேர்ப்பதும் இங்கு வழக்கம். நிரந்தரப் பணி ஆணை கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறோம். தாங்கள் நடத்திய பேச்சுவார்த்தையில் பதிவாளர், "வகுப்பெல்லாம் வழக்கம்போல நடக்குது. இவங்க இல்லாம ஒரு குறையும் இல்ல" என்றார். தாங்களும் குறித்துக்கொண்டீர்கள்.

2. நடப்பது வகுப்பு அல்ல. தொற்றுநோய்க் காலத்தில் வீட்டிலிருந்து நான் பதிவுசெய்த பாடங்கள் அவை. அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து, புரொஜெக்டரைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. வகுப்பறை வாயிலை ஒட்டியே இருப்பதால் எல்லாம் எங்களுக்குக் கேட்கிறது. பதிவில் அடிக்கடி "புரியுதா?" என்று நிறுத்துவேன். மாணவர்கள் "புரியல சார்!" என்று கத்துவார்கள். என் குரல், "வெரி குட், அடுத்ததுக்குப் போலாம்" என்னும். முதலில் சிரித்தார்கள். இப்போது யாரும் கத்துவதுகூட இல்லை.

4. ஒரு மாணவி வாயிலுக்கே வந்து, "சார், த்ரீ ஃபேஸ் மோட்டார் தானா ஸ்டார்ட் ஆகுது, சிங்கிள் ஃபேஸ் ஏன் ஆகல?" என்று கேட்டார். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சங்கத் தலைவர், "தம்பி, வாயத் திறக்காத. உள்ள ஓடுற படத்துக்கு நீயே டியூஷன் எடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். "உள்ள இருக்கிற சாரும் சொல்லல, வெளிய இருக்கிற சாரும் சொல்லல" என்றபடி மாணவி திரும்பிப் போனார்.

5. மோட்டார் பாடத்தின் நடுவே என் அம்மா அடுத்த அறையிலிருந்து, "டேய், தொட்டி வழியுது. முதல்ல நம்ம வீட்டு மோட்டார நிறுத்துடா" என்று கூப்பிடுவதும் பதிவாகியுள்ளது. அப்போது வெட்டச் சோம்பலாக இருந்தது. இரண்டு பிரிவுகளுக்கும் ஓடுகிறது, இரண்டிலும் சிரிக்கிறார்கள். அம்மா சென்ற ஆண்டு தவறிவிட்டார். கேட்கும்போது அழுகை ஏதும் வரவில்லை. எழுந்து மோட்டாரை நிறுத்தத்தான் கால் போகிறது. இது தங்கள் தகவலுக்காக.

ஆகவே, முன்னறிவிப்பின்றி வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்து, ஒரே ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் இம்மனுவைக் கிழித்துப் போடலாம். வராவிட்டால், வகுப்பு நடப்பதாகத் தாங்கள் எழுதிய குறிப்பை நீக்கி, பதிவுகளை நிறுத்த ஆணையிடுங்கள்.

அதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், அம்மா கூப்பிடும் இடத்தை மட்டுமாவது வெட்டச் சொல்லுங்கள். பாடம் அறுபடாது. அது பாடத்திட்டத்தில் இல்லை.

இடம்: பல்கலைக்கழக வாயில்
நாள்: ஆகஸ்ட் 12

இப்படிக்கு,
(ஒப்பம்)
தற்காலிக விரிவுரையாளர்