முரளியின் கடைசி பேட்சுக்கு நான் எழுதிய பதில்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

உட்கார முடியவில்லைடா. காவிரிப் பாலம்வரை நடந்து பார்த்தேன், அப்படியும் மனசு அடங்கவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக நீ கடைசியாக அனுப்பிய பேட்ச், அந்த நிரல் திருத்தம், நம் குழு முழுவதும் படிக்கிற மெயிலிங் லிஸ்டில் இன்னும் காத்திருக்கிறது. ஓடுகிற சர்வரை நிறுத்தாமலே, புதிதாகச் செருகும் மெமரியைச் சேர்த்துக்கொள்ள நீ எழுதியது. அதைச் சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

"அவர் நினைவாக இப்படியே சேர்த்துவிடலாமே" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். என் சம்மதம்தான் பாக்கி. நல்ல மனசுதான், ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தராவது முழுசாகப் படித்தார்களா?

நான் படித்தேன். தப்பு இருக்குடா. புது மெமரிக்கு முதலில் இடம் பிடிக்கிறாய், சரி. அடுத்த படி தோற்றுப்போனால், பிடித்த இடத்தை விடாமலே வெளியே வந்துவிடுகிறாய். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சமயபுரம் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு, ஏறாமலே வீட்டுக்குப் போகிறவன் மாதிரி. மறுபடி சேர்க்கப் பார்த்தால் இடம் இல்லை என்கிறது. நீயா இதைக் கவனிக்காமல் விட்டாய்? ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலியோடா எழுதினாய்?

அம்மாவிடம் சொன்னேன்.

"போனவன் வேலையிலயும் குத்தம் கண்டுபிடிக்கணுமாடி? சரின்னு சொல்லிட்டுப் போயேன்."

"தப்போட போனா நாளைக்கு எல்லாரும் அவனைத்தாம்மா திட்டுவாங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்ததே. பேட்ச் சண்டை சாப்பாட்டுத் தட்டுக்கு வரக்கூடாது, எதுவானாலும் லிஸ்டில், எல்லோர் முன்னாலும். அதனால் காலையில் அங்கேயே எழுதிவிட்டேன்: "இப்படியே சேர்க்க வேண்டாம்." காரணத்தையும் எழுதினேன். அனுப்பியதும் அழுதேன். கோபமா முரளி? நீ இருந்தால் வரிந்துகட்டிக்கொண்டு பதில் போடுவாய். வராது என்று தெரிந்தும் இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருத்தத்தை நானே எழுதுகிறேன். எழுதியவன் பெயர் உன்னுடையதுதான், மாற்றியது என்ன என்று கீழே ஒரு வரி மட்டும் என் பெயரில். யாராவது குறை சொன்னால் உனக்காக நான் மல்லுக்கு நிற்பேன். குறை நியாயமென்றால் மறுபடி எழுதுவேன். இரக்கப்பட்டு யாரும் உன்னை உள்ளே விட வேண்டாம். நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி உள்ளே விடட்டும். அதுவரை ஓயமாட்டேன்டா, சத்தியம்.

உன்னை லேசில் விடாத,
உன் அக்கா வரலட்சுமி
ஸ்ரீரங்கம்