டாக்டர் சாகறதுக்கு முன்னாடியே அழுதவருக்கு

ஏங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவருக்குக் குடுக்க வேண்டிய மாடிச் சாவி இருக்கற இடத்தை இந்தச் சீட்டுக்கு நடுவுல எழுதியிருக்கேன். அதனால முழுசாப் படிச்சே ஆகணும்.

நாலு வருஷமா அந்த விண்கப்பல் சீரியலை ஒண்ணாத்தானே பாக்கறோம்? நேத்து கப்பல் டாக்டர் சாகறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க. எனக்குத் தெரியாம முதல்லயே பாத்துட்டு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களா?

இன்னிக்கு விடிகாலையில நீங்க குறட்டை விட்டுட்டிருந்தப்ப மிச்சம் மூணு பாகத்தையும் நான் பாத்து முடிச்சுட்டேன். கேட்டுக்கோங்க. கேப்டன்தான் துரோகி. சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி. கப்பல் ஊர் திரும்பாது. தயிரை வெளியில வெக்காதீங்க. இன்ஜினியரம்மா மட்டும் பிழைச்சுக்குவா.

ஏழு மணிக்கு வந்துடுவேன்.

பி.கு: மேல சொன்னதுல ஒண்ணு பொய். (சாவி நிஜம்.)

இன்னொண்ணு: சீரியல் பாக்கற ஆப்போட பாஸ்வேர்டை மாத்திட்டேன். எது பொய்னு என் பக்கத்துல உக்காந்துதான் தெரிஞ்சுக்கணும். இந்தத் தடவை ரெண்டு நிமிஷம் முன்னாடி கண்ணைத் துடைக்கப் போறது நான்.