ஐந்தாம் வருட ஸ்தோத்திரம்

அன்புள்ள கிரேஸ் மதினிக்கு,

நேற்று பாளையங்கோட்டைக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். "எல்லாம் நல்லாருக்கு, அடுத்த வருசம் வாங்க" என்றார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்துவிட்டு, அப்புறம் பையை மடியில் எடுத்துக்கொண்டேன்.

ஒரே மாதத்தில்தானே நம் இருவருக்கும் மார்பில் புற்றுக்கட்டி என்றார்கள்? அண்ணன் மனைவிக்கும் நாத்தனாருக்கும் ஒரே சமயத்திலா என்று சபையே ஜெபித்தது. ஆனால் இரண்டும் ஒரே வியாதி இல்லை. என்னுடையது ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத முரட்டு ரகம். முதல் மூன்று வருடம்தான் அதிக பயம், ஐந்தைத் தாண்டினால் பெரும்பாலும் தப்பித்த மாதிரிதான். உங்களுடையது ஹார்மோனால் வளர்கிற ரகம், அதற்குத் தினம் ஒரு மாத்திரை. எல்லோரும் என்னைப் பார்த்து அழுதார்கள். உங்களிடம், "ஒனக்கு லேசானதுதான்" என்றார்கள். உங்களுடையது பைய வரும், பத்து வருடம் கழித்துக்கூட வரும் என்று டாக்டரம்மா சொன்னது யார் காதில் ஏறியது?

ஐந்து வருடம் முடிந்ததும் இருவருக்கும் சேர்த்து வீட்டில் நன்றி சொல்லி ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். மறுநாள் காலையில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"முட்டெல்லாம் வலிக்கி எஸ்தர். டாக்டரம்மா இன்னும் அஞ்சு வருசம் போடணுங்காவ. என்ன செய்ய?"

"ஸ்தோத்திரம் பண்ணியாச்சு மதினி. இன்னமும் மாத்திரை போட்டா ஆண்டவரை நம்பலைன்னுல்லா அர்த்தம்?" என்றேன்.

என் உடம்பின் கணக்கை உங்கள் உடம்புக்குப் போட்டேன். நீங்கள் அட்டையை அலமாரிக்குள் வைத்தீர்கள், அப்புறம் எடுக்கவே இல்லை. ஏன் மதினி என் பேச்சைக் கேட்டீர்கள்?

எட்டாம் வருடம் உங்களுக்கு இடுப்பெலும்பில் வந்தது. அடுத்த வருடம் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம். மாத்திரையை விடாமல் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வாய்ப்பு குறைஞ்சிருக்கும். ஆனா போட்டவங்களுக்கும் சிலருக்கு வருது. உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டே இத்தனை நாளும் ஓட்டிவிட்டேன். இனி முடியவில்லை.

அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. நீங்களாகவே நிறுத்திவிட்டதாக நினைத்து உங்கள் மேல்தான் கோபப்படுகிறான். "பிடிவாதக்காரி, யார் சொல்லையும் கேக்கமாட்டா" என்கிறான். நான் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சுகம் கிடைத்த சாட்சி. அதைக் கேள்விப்பட்டு நேற்று சாயங்காலம் சபையிலுள்ள ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்தாள். உங்களுக்கு வந்த அதே ரகம், அதே மாத்திரை.

"அஞ்சு வருசம் முடியப் போவுதுக்கா. நிறுத்திரலாமா? நீங்க மாத்திரையே போடாம நல்லாத்தான இருக்கிய?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னயப் பாத்து நிறுத்தாதம்மா. எனக்கு வந்தது வேற, ஒனக்கு வந்தது வேற. டாக்டரம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இதே வார்த்தையை அன்றைக்கு உங்களிடம் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

சாட்சி சொல்லத்தான் போகிறேன், மதினி. சுகம் கிடைத்ததோடு, உங்களை நிறுத்தச் சொன்னது நான்தான் என்பதையும் சபை முன்னால் சொல்வேன். அதற்கு முன் சனிக்கிழமையே அண்ணனிடம் சொல்லிவிடுவேன். வீட்டுப்படி ஏறாதே என்றாலும் சரி. அவன் கோபம் என் மேல் இருக்கட்டும். நீங்கள் பிடிவாதக்காரி இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் யார் சொல்லைக் கேட்டீர்களோ, அந்த நாத்தனார்,
எஸ்தர்