‘உன் பேர் என்ன’ என்று உங்களைக் கேட்டார்கள், அப்பா

அன்புள்ள அப்பா, என்னை ‘எஸ்தரு’ என்று நீட்டிக் கூப்பிட்ட என் அப்பா,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஜெபவீட்டுச் சுவரில் உங்கள் படத்தை மாட்டி, பிளாஸ்டிக் மாலை போட்டிருக்கிறார்கள். படத்தில் சிரிக்கிறீர்கள். வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் கம்மி.

இதை எல்லோரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன். கர்த்தர் செய்த அற்புதம் என்று உங்களைப் பற்றி ஒரு சாட்சி, கூட்டத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. அது பொய் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்க வேண்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாஸ்டர் சாமுவேல். கீழ்பென்னாத்தூரில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல நம் வீடு. வெள்ளிக்கிழமை காலை உபவாச ஜெபத்துக்குப் பிசாசு பிடித்தவர்கள் என்று யாரையாவது ஆட்டோவில் கொண்டுவருவார்கள். நீங்கள் தலையில் கைவைத்து, “இயேசுவின் நாமத்துல கேக்கறேன், உன் பேர் என்ன?” என்பீர்கள். பேர் சொல்லும்வரை விடமாட்டீர்கள். பேர் சொல்லிவிட்டால் அதற்கு ஒளிய இடமில்லை என்பது உங்கள் கணக்கு.

“எனக்கு ஒரு சக்தியும் இல்ல. அதிகாரம் அவருது. நான் வெறும் வாய்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். மனதாரத்தான் சொன்னீர்கள். பயந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் உங்கள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு மனிதர்களே தொடப் பயந்தபோது நீங்கள் தொட்டீர்கள். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அம்மாவையும் தொட்டீர்களே.

எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்த இரண்டாம் நாள் செத்துப்போனான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். பேசவில்லை, குளிக்கவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தது. ஒரு வாரம் பார்த்தீர்கள். பிறகு ஊமை ஆவி என்றீர்கள்.

மூன்று நாள் உபவாசம். சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. விசுவாசிகள் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். அம்மாவின் தலைமுடியை என் கையில் கொடுத்து, “எஸ்தரு, விட்டுடாத. விட்டா ஓடிடும்” என்றீர்கள். எது ஓடிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. பிசாசா, அம்மாவா? இரண்டுக்கும் பயந்து இறுக்கிப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா வாய் திறந்தாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “பச்சையம்மா” என்றாள். அந்தக் கோடையில் அடுத்த தெருக் கிணற்றில் விழுந்து செத்தவள் பச்சையம்மா. “போயிடறேன், தண்ணி குடுங்க, போயிடறேன்.” நீங்கள் குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். உங்கள் கையாலேயே தண்ணீர் கொடுத்தீர்கள். கூட்டம் தகரக் கூரை அதிர ஸ்தோத்திரம் சொன்னது.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அம்மாவை மேடை மேடையாக ஏற்றினீர்கள். முக்காடு போட்டுக்கொண்டு, “எனக்குள்ள பச்சையம்மானு ஒரு பிசாசு இருந்துச்சு” என்று அம்மா ஆரம்பிப்பாள். பச்சையம்மாவின் மகள் அடுத்த தெருவில் சோறு வடித்துக்கொண்டே அதை ஒலிபெருக்கியில் கேட்டாள். ஒரு நாளாவது அவளை நினைத்தீர்களா?

போன வருடம் நீங்கள் மாறினீர்கள். சாப்பாட்டுத் தட்டை அம்மா முகத்தில் வீசினீர்கள். பிரசங்கத்தின் நடுவில் கெட்ட வார்த்தை வந்தது. பாட்டு ஆரம்பித்தால் வாயைக் கோணிப் பழித்துக் காட்டினீர்கள். திருவண்ணாமலையில் நான் வேலை செய்கிற ஸ்கேன் சென்டருக்கே உங்களைக் கூட்டிப்போனேன். டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிப்பதுதான் அங்கே என் வேலை. உங்கள் நெற்றி எலும்புக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருப்பதை நானேதான் டைப் அடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

“ஆபரேஷன் தாங்க மாட்டாரும்மா. இனிமே அவர் என்ன திட்டினாலும் மனசுல வெச்சிக்காதீங்க. அது அந்தக் கட்டி பண்ற வேலை” என்றார் டாக்டர். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குப் பிறகு சபையைப் பார்த்துக்கொள்ள நீங்களே நியமித்த எபினேசர் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். காலை பதினோரு மணி இருக்கும்.

“சிஸ்டர், இது அய்யா இல்ல. உள்ள இருந்துக்கினு வேற ஒண்ணு பேசுது.”

ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். “மூளையில கட்டிங்க. டாக்டரே சொல்லிட்டாரு.”

“டாக்டரு மூளைய பாத்தாரு. ஆவிய எந்த மிஷின்ல பாப்பாரு? அய்யாவே இத எத்தினி தடவ சொல்லிக்கிறாரு.”

சொல்லியிருக்கிறீர்கள். அதே வார்த்தைகள். நான் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டேன்.

அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். “வாங்க, நாற்காலி போடறேன்” என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உங்களை உட்காரவைத்துத் தன் பழைய நூல் புடவையால் அவளே கட்டினாள். நீங்கள் அவளை அண்ணாந்து பார்த்து, “குளிக்கவா?” என்று கேட்டீர்கள்.

பாட்டு, கைதட்டல், தலையில் பத்துக் கை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆனபோது தண்ணீர் கேட்டீர்கள். சபையில் ஒரு அக்கா டம்ளரில் கொண்டுவந்தார். அம்மா அதைக் கையால் மறித்தாள். “குடுக்காதீங்க. பேர் சொல்லட்டும். அவரு அப்படித்தான் செய்வாரு.”

“இயேசுவின் நாமத்துல கேக்கறேன், உன் பேர் என்ன?” என்று எபினேசர் உங்கள் காதருகே கத்தினார். அத்தனை சத்தத்துக்கு நடுவில் நீங்கள் தெளிவாக, மரியாதையாக, வாத்தியாருக்குச் சொல்வது போலப் பதில் சொன்னீர்கள்.

“முருகேசன்.”

“பாத்தீங்களா! பேர சொல்லிடுச்சு! ஸ்தோத்திரம்!” என்று கூட்டம் குதித்தது. ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டு பிசாசு வெளிப்பட்டுவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். அது அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் உங்களைப் பெற்றவர்கள் வைத்த பேர் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இருபத்தாறு வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது விட்ட பேர். வீட்டில்கூட அதைச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தீர்கள். நான் உங்கள் பள்ளிச் சான்றிதழில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு உங்களைக் கட்டிக்கொடுத்ததே அந்தப் பேரில்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் பேசவில்லை.

“முருகேசா, கட்டளையிடறேன், வெளிய போ!”

“சரிங்க, போறேன். அவுத்து விடுங்க, போறேன்.” எழுந்துகொள்ளப் பார்த்தீர்கள், அப்பா. சொன்னபடி கேட்கப் பார்த்தீர்கள். நாற்காலியோடு குப்புற விழுந்தீர்கள். தூக்கி உட்காரவைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு மணி நேரம் உங்கள் பேரைச் சொல்லி உங்களையே உங்களுக்குள்ளிருந்து போகச் சொன்னார்கள். அப்போது நீங்கள் எந்த வயதில் இருந்தீர்கள்? எங்கே போக வேண்டும் என்று நினைத்தீர்கள்?

வேட்டி நனைந்தது. தலை தொங்கியது. விடுதலை கிடைத்துவிட்டது என்று முடித்துக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனார்கள். அம்மா தண்ணீரை உங்கள் உதட்டில் வைத்தாள். கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு நாள் உயிரோடு இருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கொன்றார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் கட்டி எப்படியும் அந்த மாதமே முடித்திருக்கும் என்கிறார் டாக்டர்.

ரிப்போர்ட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன் நான். ‘அது எங்கப்பா பேருங்க’ என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? பயம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். உங்களிடம் பொய் எதற்கு? முடியை என் கையில் கொடுத்தவர் நீங்கள். கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான், நடப்பது நியாயம் என்று எனக்குப் பட்டது.

உங்களை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து, அவரைக்காய் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “பச்சையம்மாவும் இல்ல, எவளும் இல்ல. தாகம். ஏதாவது ஒரு பேர் சொன்னாத்தான் விடுவாங்கனு புரிஞ்சிபோச்சு. வாய்க்கு வந்தத சொன்னேன்.”

“அப்புறம் ஏம்மா அவருக்குத் தண்ணி குடுக்க வாணாம்னு சொன்ன?”

“மூணு நாள் எனக்கு எப்டி இருந்துச்சுனு அவருக்குத் தெரிய வாணாமா?” காயை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தாள். “அவருக்கு எங்க தெரியப்போவுது. புத்திதான் போயிடுச்சே.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ அப்ப என் முடிய புடிச்சிக்கினு நின்ன. இப்ப சும்மா நின்ன. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

உங்கள் மனைவி அழாமல்தான் அதைச் சொன்னாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். பெயர் சத்யா, கல்லூரியில் படிக்கிறவள். அவள் அம்மா கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர். பெண் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தாளாம். எங்கெங்கோ போய்விட்டுக் கடைசியாக இங்கே வந்திருக்கிறார்கள். எபினேசர் பேர் கேட்டார்.

“சத்யா” என்றாள் அவள்.

“பொய் சொல்லாத!” முதுகில் ஒரு அடி விழுந்தது.

அன்று லீவில் வீட்டில் இருந்த நான் சமையலறையிலிருந்து சொம்புத் தண்ணீரோடு போனேன். “அது அவ பேருதாங்க. அவங்கம்மாவ கேட்டுப் பாருங்க.” அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள். என் வாய் அதோடு நிற்கவில்லை. “முருகேசன்கறதும் எங்கப்பா பேருதான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. எபினேசர் சத்யாவின் தலையிலிருந்து கையை எடுத்தார். “இத ஏன் சிஸ்டர் அப்பவே சொல்லல?” என்றார். நியாயமான கேள்வி.

ஆனால் அடுத்த ஞாயிறே எனக்குள் முரட்டாட்டத்தின் ஆவி இருப்பதாக மேடையில் அறிவித்தார். நான் ஜெபவீட்டுக்குள் வரக்கூடாதாம். நீங்கள் சாகும்முன் முருகேசன் என்ற பிசாசிடமிருந்து விடுதலை அடைந்த சாட்சி அப்படியேதான் போய்க்கொண்டிருக்கிறது. சத்யா ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள். இன்னும் சரியாகவில்லை. நாளைக்கு ஒரு வேளை சாப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

பிசாசே கிடையாது என்று நான் எழுதவில்லை, அப்பா. அந்த நாமத்துக்கு அதிகாரம் உண்டு என்று இன்றும் நம்புகிறேன். நீங்கள் படித்துக்காட்டிய வேதத்தில் இயேசு ஒரு வார்த்தைதான் சொன்னார், பிசாசு போய்விட்டது. அவர் யாரையாவது கட்டிப்போட்டாரா? தாகத்தில் வைத்தாரா? ஊரார் சங்கிலியால் கட்டியிருந்தவன் அவர் வந்த பிறகு புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான் என்றுதானே இருக்கிறது? முப்பது வருடம் அதைப் பிரசங்கம் பண்ணினீர்களே, ஒரு நாளும் உங்கள் கண்ணில் படவில்லையா?

நேற்று மத்தியானம் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீரை மறித்த இடம் வந்ததும் நிறுத்தி, “இத எடுத்துடட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு எடுக்கற? இருக்கட்டும். நான் செஞ்சதுதான” என்றாள். கொஞ்சம் கழித்து, “நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கினு சொல்றதுக்கு எனக்கு வேற எடம் ஏது?” என்றாள்.

உங்களை நான் மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்றும் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். ஜெபவீட்டுக்குள்தான் என்னை விடமாட்டார்கள், தெரு எல்லோருக்கும் பொது. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த வாசலில் நிற்பேன். ஆட்டோவில் கொண்டுவருகிறவர்களிடம், இவங்க சாப்பிட்டாங்களா, டாக்டரைப் பார்த்தாங்களா என்று இயேசுவின் நாமத்தில் கேட்பேன். அவர்கள் என்னையும் பிடித்து உட்காரவைக்கும் நாள் வரலாம். வந்தாலும் நிற்பேன்.

அன்று பேசாமல் நின்ற
உங்கள் ஒரே மகள்,
எஸ்தர்