அவர் வாயில் மிஞ்சின சிங்களம்

1976 ஜூலை 12, திங்கள்
காலையிலிருந்து ஒரே காற்று. பதுளையில் சின்னம்மா வீட்டில்தான் இன்னும். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி, துவாய், சவர்க்காரம்.

மடுல்சீமை ரோட்டில் லொறி பிரண்டு என் வீட்டுக்காரருக்கு மண்டையில் அடி. இரண்டு கிழமையாச்சு. கட்டு அவிழ்த்தாச்சு. என்னைப் பார்த்தால் வாயைத் திறக்கிறார், சொல் வரல. "அ... அ..." அவ்வளவுதான்.

வார்ட்டு நர்ஸ் சோமா மிஸ்ஸி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டா. "வத்துர" என்றார், தெளிவா. தண்ணி. செம்போடு பக்கத்திலேயே நான்.

13, செவ்வாய்
மிஸ்ஸிக்கு இருபத்தைந்து இருக்கும். நல்ல பல்வரிசை. அவகிட்ட நீளமா என்னமோ சொன்னார், அவ சிரிச்சா.
"என்ன சொன்னாரு மிஸ்ஸி?"
"சும்மா. லொறிக் கதை."
எனக்குக் கடையில் விலை கேட்கிற சிங்களம்தான். அவர் சின்ன வயசிலேயே டவுன் லொறியில் கிளீனர், சிங்களம் அங்கேயே படிஞ்சது. இருந்தாலும் வீட்டில் பேசினது தமிழ்தானே. வேணும்னே பேசாம இருக்காரோ? சோறு இறங்கல.

14, புதன்
டொக்டர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும். "நல்லா பேசுறார். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."
புருஷன் என்கிட்ட பேசுறதில்லைன்னு எப்படிச் சொல்றது. வெட்கம். சொன்னேன்.
"எங்க தோட்டத்து லயத்தில சிங்களம் யாருக்குங்க தெரியும்? என்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்க."
டொக்டர் தட்டில் சாவி, சீப்பு, கரண்டி வைத்தார். மிஸ்ஸி கேட்டா. மூன்றுக்கும் டக்கென்று சிங்களப் பேர்.
"இப்ப நீங்க கேளுங்க, தமிழ்ல."
சீப்பைத் தூக்கினேன். தலை சீவிக் காட்டினார். பேர் வரல. "கண்ண மூடுங்க"ன்னேன். மூடல. நான் என்ன கேட்டேன்னு தெரிஞ்சுக்க அவ முகத்தைப் பார்த்தார்.
என் புருஷன். அவ முகத்தை.

15, வியாழன்
இன்றும் காற்று. வீட்டுக்கு விடல. இன்னும் சோதிக்கணுமாம். தலையில் அடிபட்டால் ஒரு பாஷை தங்கி இன்னொன்று போறதும் உண்டாம். தமிழ் மெதுவா வரலாம், வராமலும் போகலாம். வேணும்னு செய்யலை என்றார் டொக்டர். மனசு பாதி ஆறிச்சு. பாதிதான்.

கிளம்பும்போது மிஸ்ஸி வாசல்வரை வந்தா. அரைகுறைத் தமிழ்.
"அக்கா, நீங்க போன பொறகு எல்லா நாளும் கேக்குறாரு. அவ சாப்பிட்டாளான்னு."
நல்ல பொண்ணு. தலையாட்டிட்டு வந்தேன். அதைக்கூட அவகிட்டதான் கேட்டிருக்கார்.