ஈயத்துக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை

என் அன்புள்ள அப்பா,

செத்தவரோடு சண்டை பிடிப்பதற்கு முதலில் மன்னியுங்கள். அதையும் ஊர் பார்க்கப் பத்திரிகையில் பிடிப்பதற்கு இன்னொரு தரம்.

செத்தவீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. மடத்துவெளி மாமி என் கையைப் பிடித்து அழுது முடித்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, நீர் கண்டுபிடிச்ச துகளுக்குக் கொப்பரின்ர பேராமே வைக்கப் போறியள்?"

கோயில் வீதியில் நின்று, உங்கள் பேர்தான் என்று நீங்களே சொன்னீர்களாம்.

நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அப்பா. அது உங்களுக்குத் தெரியும். போன விடுமுறையில் நீங்கள் சாப்பிடும்போது சொன்னேன். கிளர்ந்திருக்கும் அணுக்கரு காமாக் கதிரை விட்டு அடங்கும். சிலவேளை அதற்குப் பதிலாக, எவரும் இதுவரை காணாத ஒரு துகள் வெளிவரலாம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் ஈயக் கட்டிகளை அடுக்கிக் கதிரைத் தடுத்து, அப்பால் ஒரு கருவியை வைத்துக் காத்திருந்தோம். அப்படியொரு துகள் இருந்தால் ஈயத்தை ஊடுருவி வரவேண்டும். வரவில்லை.

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறதுக்கோ உவ்வளவு படிப்பு?" என்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினீர்கள்.

காலி நகரில் வைத்திருந்த கடையில் சாமான் இல்லாவிட்டால், இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிய மனிதர் நீங்கள். அதைப் பெருமையாகவும் சொல்வீர்கள். என் விஷயத்தில் மட்டும் அந்தச் சொல் ஏன் வெட்கமாயிற்று? குடும்பத்தின் முதல் பட்டதாரி வெறுங்கையோடு வந்தாள் என்பார்கள் என்றா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்க அச்சடிக்கும் உங்கள் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில், வம்ச வரலாற்றுக்கும் புலம்பல் பாட்டுகளுக்கும் நடுவில், 'புதிய அணுத்துகளைக் கண்ட செல்வி' என்று சித்தப்பா என்னைப் போட்டிருக்கிறார். யாரையும் எதிர்த்துப் பேசாத நான் அதை வெட்டச் சொன்னேன்.

"ஏலாது. கண்டதெண்டுதானே கொப்பர் சொன்னவர்?"

"நான் காணேல்லை, சித்தப்பா."

"அப்ப செத்த மனிசனைப் பொய்யனாக்கச் சொல்லுறியோ? அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வாறவன் என்ன, ஈயத்தைத் தட்டியே பாக்கப்போறான்?"

பார்க்கமாட்டார்கள்தான். ஆனால் எங்கள் தீவார் இல்லாத இடம் கொழும்பில் ஏது? அந்தப் புத்தகம் என் ஆய்வுகூடத்துக்கும் வந்துசேரும். காணாததைக் கண்டேன் என்றவளுக்கு என் தொழிலில் மறுபடி கதவு திறப்பதில்லை. அதன்பின் நான் உண்மையைச் சொன்னாலும் எவர் நம்புவார்? இதை ஒரு கணமாவது யோசித்தீர்களா?

அதனால்தான் சித்தப்பா கல்வெட்டில் திருத்த மறுத்ததை இங்கே பத்திரிகையில் எழுதுகிறேன். நான் காணவில்லை. கண்டாள் என்று சொன்னது என் அப்பா. அது பொய்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் என்று சொல்லவும் மாட்டேன். மாசியில் கொழும்புக்குத் திரும்புகிறேன். ஈயத்தை இன்னும் தடிப்பாக அடுக்கி மறுபடி பார்க்கப்போகிறோம். வந்தால் வந்தது என்பேன், வராவிட்டால் வரவில்லை என்பேன். அது என் வாக்கு.

ஒன்று கேட்கவேண்டும். எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான், ஆனால் இதுவரை வாய் வரவில்லை. நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கு ஊரவர் யாராவது வந்து, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
புங்குடுதீவு