சந்தாவை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய்

சிதம்பரம்
12.12.2008

அன்புள்ள எழிலனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறாமல் இருக்கிறது, என் முழங்கால் மழைக்குக் கொஞ்சம் முணுமுணுத்தாலும் மாடிப்படி ஏற விடுகிறது, அந்த மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் காகிதமும் தபால்தலையும் என்று நினைப்பாய். மெயில் அனுப்ப வேண்டுமென்றால் நான் சொல்லச் சொல்ல அப்பாதான் அடித்துத் தருகிறார், எனக்கு அந்த எழுத்துப் பலகையில் ஒரு எழுத்தைத் தேடுவதற்குள் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. இந்தக் கடிதத்தில் இருப்பதோ அவர் பார்க்கக் கூடாத சங்கதி. அதனால்தான் அவர் பென்ஷன் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

மழை விட்டுவிட்டது. போன மாதக் கடைசியில் அடித்த மழையில் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், குமராட்சி பக்கமெல்லாம் வயலும் ரோடும் ஒன்றாகி மினிபஸ்ஸே ஓடவில்லை. நம் வீட்டுக்குள் வரவில்லை, கேட்டோடு நின்றுவிட்டது. கரண்ட் மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. அப்பா மின்வாரியத்தில் இருந்து ரிடையர் ஆகி இத்தனை வருடம் ஆகியும், கரண்ட் போனால் பக்கத்து வீட்டு சவரியம்மாள் நம் வாசலில் வந்து நின்று, எப்ப சார் வரும் என்று அவரைத்தான் கேட்கிறாள். அவரும் பெருமையாக யாருக்கோ போன் போட்டு விசாரித்துச் சொல்கிறார். ஓசூரில் அக்காவும் மாப்பிள்ளையும் நலம், குட்டி வெண்மதிக்கு மேலே பல் வந்துவிட்டது, பார்ப்பவரையெல்லாம் கடிக்கிறாளாம். அவளுக்கு வைகாசியில் காது குத்தலாம் என்று பேச்சு. தாய்மாமன் நீ, உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை.

உன் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், படித்ததில் இருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பாவோ, அவன் கைவேலை தெரிந்தவன், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் சிக்கனமாக இரு. சிக்கனம் என்றதும் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரோடு அந்தக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த மெயில் முகவரி, போட்டோ பக்கம், நம் பைல்களை அவனிடமே நகல் எடுத்து வைக்கிற வசதி, இதெல்லாம் முன்பு இலவசம், இப்போது வருடா வருடம் சந்தா என்று ஆகிவிட்டது, நானும் கார்டில் கட்டிக்கொண்டே வருகிறேன், இதே வசதி மற்ற இடங்களில் இனாமாகக் கிடைக்கும்போது இது தேவையா, பொங்கலோடு நிறுத்திவிடவா என்று அப்பாவைக் கேட்டு எழுதியிருந்தாய். அப்பா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், தண்டச் செலவு ஒழிந்தது என்று.

ஏனென்றால் அந்த முகவரியால் நான் பட்ட பாடு உனக்கு முழுக்கத் தெரியாது. எங்கள் மணிவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு எவர்சில்வர் டப்பா கொடுத்தோமே, நீ கூட லீவு கிடைக்காமல் வர முடியாமல் போயிற்றே. மேல வீதி பாத்திரக் கடையில் டப்பாக்களை எடுத்து, மூடியில் திருநாவுக்கரசு – மலர்க்கொடி மணிவிழா என்று பேர் வெட்டச் சொல்லிவிட்டு நான் வெற்றிலை வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேருக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி, நடுவில் முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரு எழுத்து. உன் அப்பா மெயில் முகவரியையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறார். பேர் வெட்டுகிறவன் அந்த முறுக்கை எப்படிப் போடுவது என்று தெரியாமல் அவரையே சாக்பீஸில் வரையச் சொல்லிப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தான். போன் நம்பரைப் போட்டாலாவது நாலு பேருக்கு உதவும் என்றேன். போன் நம்பர் எக்ஸ்சேஞ்ச் மாறினால் மாறிவிடும், வீடு கூட மாறும், ஆயுசுக்கும் மாறாதது இது ஒன்றுதான் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த வருடமே கம்பெனிக்காரன் காசு கேட்டுவிட்டான். அதை வைத்து நான் அவரைக் கேலி செய்தது கொஞ்சமா நஞ்சமா. டப்பாவில் முறுக்கு வைத்தாலும், அப்பளம் வைத்தாலும், இதற்கு சந்தா கட்டியாச்சா என்று கேட்பேன். மற்ற வசதிகளும் அப்படித்தான். போட்டோ பக்கத்தில் அவர் ஏற்றியிருப்பது நம் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த படமும், செம்பருத்தி பூத்த படமும். அதைத் திறந்து பார்ப்பதும் அவர் ஒருவர்தான். நகல் எடுத்து வைக்கிற வசதிக்கோ, நம் வீட்டில் என்ன புதையலா கிடக்கிறது. நீ நிறுத்தலாம் என்று எழுதியபோது, நிறுத்திவிடச் சொல்லுங்கள் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

இப்போது நானே கட்டச் சொல்லி எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. குறிஞ்சிப்பாடியில் என் சித்தி மகள் தில்லையம்மாளுக்கும் அந்த டப்பா ஒன்று கொடுத்தோம். அவள் இந்தத் தீபாவளிக்கு அதில் அதிரசம் போட்டு அண்ணாகிராமத்தில் உன் உத்திராபதி மாமா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மாமா இத்தனை வருடமாக நம் வீட்டு வாசலை மிதிக்காதது ஏன் என்று உனக்குத் தெரியும். உன் அக்கா இலக்கியாவைத் தன் மகனுக்குக் கேட்டார், அவளுக்கு இஷ்டமில்லை, வெளியில் கொடுத்தோம். கல்யாணத்துக்கும் வரவில்லை, தாய்மாமன் சீரும் வரவில்லை, மாலை போட ஆளில்லாமல் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னோம். யார் மேல் தப்பு என்று இனிமேல் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. மணிவிழாப் பத்திரிகையை நேரில் போய் வைத்தோம், கைநீட்டி வாங்கிக்கொண்டார், வரவில்லை. எனக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான் எழிலா. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதால் எனக்கு வருத்தமில்லை என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள்.

மாமாவின் கடைசி மகள் இசைவாணி இருக்கிறாளே, நீ பார்த்தபோது பாவாடை சட்டையில் ஓடிக்கொண்டிருந்தாள், இப்போது கடலூரில் காலேஜ் படிக்கிறாள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கழுவும்போது மூடியில் நம் பேரையும் முகவரியையும் பார்த்திருக்கிறாள். போன் பேசினால் அப்பா காதில் விழும், கடிதம் போட்டால் பதில் அவர் கையில் சிக்கும், மெயில் என்றால் யாருக்கும் தெரியாது என்று காலேஜில் இருந்து எழுதிவிட்டாள். அத்தை நான் இசைவாணி, நல்லா இருக்கீங்களா, உங்களுக்கு எம் மேலயும் கோவமா, அவ்வளவுதான். உன் அப்பா அதைப் பிரிண்ட் எடுத்து வந்து, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கையில் கொடுத்தார். அன்றைக்கே பதில் போட்டோம். அவள் எழுத, நான் சொல்ல அப்பா அடிக்க, இப்படியே கொஞ்ச நாள் போனது. பிறகு பெண்ணுக்குப் பயம் வந்து மாமாவிடமே சொல்லிவிட்டாள். திட்டுவார் என்று பார்த்தால் எழுந்து தோப்புக்குப் போய்விட்டாராம். மறு வாரம், கேட்டதாகச் சொல் என்று மட்டும் எழுதச் சொன்னார். அதற்கடுத்த தடவை மழையில் எந்தெந்த முந்திரி சாய்ந்தது, எந்தப் பலா தப்பித்தது என்று ஒரு பக்கம். இப்போது அவள் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் சொல்லுவதைக் குறித்துக்கொண்டு வந்து அடிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆளே வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை, பஸ் பிடித்து வந்து, ஒரு பை முந்திரிப்பருப்போடு கேட்டைத் திறந்துகொண்டு நிற்கிறார். தலை பூராவும் நரைத்துவிட்டது. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அப்பாவும் அவரும் ஹாலில் உட்கார்ந்து கரண்ட் கட்டைப் பற்றியும் யூரியா விலையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். நான் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, இலை போட்டேன். சின்ன வயதில் என் தட்டில் இருந்து பிடுங்கித் தின்றவர், பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி, போதும்மா, எல்லாம் நல்லா இருந்துச்சும்மா என்றார். மலரு என்று பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. இலக்கியாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்று மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று போன் செய்தேன். சேர்ந்துட்டேம்மா, வச்சுடட்டுமா என்று வைத்துவிட்டார். வந்தும் வராத மாதிரி இருந்தது எனக்கு. இதற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று கூட நினைத்தேன், கோபத்தில்.

புதன்கிழமை மெயில் வந்தது. இசைவாணி, அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்திருக்கிறேன் அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று மேலே ஒரு வரி போட்டிருந்தாள். மாமா சொன்னது இது: "மலரு, அன்னைக்கு மச்சான் எதிர்ல சொல்ல வாணாம்னு வுட்டுட்டேன். உன் கொழம்புல இன்னமும் உப்பு ஜாஸ்தி. இத்தினி வருசத்துல இதக்கூட நீ கத்துக்கல." அப்பா வாசித்து முடிப்பதற்குள் நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா பயந்துபோய்ப் பின்னாலேயே வந்து, எனக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது, நான் வேண்டுமானால் அப்படி எழுதிவிடுகிறேன் என்று சமாதானம் சொல்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் வந்த அழுகை என்று அவருக்கு எப்படிச் சொல்வது. விருந்தாளியாக வந்துபோன மனுஷன், ஊருக்குப் போய் அண்ணனாக எழுதியிருக்கிறார்.

அதனால் சந்தாவைக் கட்டிவிடு எழிலா. போட்டோ பக்கமும் நகலும் நமக்குத் தேவையில்லை என்று நீ சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லாம் சேர்த்துத்தான் தருவான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வேறு இடத்தில் இனாமாக முகவரி எடுத்து மாமாவுக்குச் சொல்லிவிடலாமே என்பாய். நானும் யோசித்தேன். இடையில் எங்காவது ஒன்று அவர் அனுப்பியது சேராமல் திரும்பி வந்துவிட்டால், கம்பெனிக்காரன் அடைத்தான் என்று அவருக்குத் தோன்றாது, நான் அடைத்தேன் என்றுதான் தோன்றும். உப்பைப் பற்றிச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள் என்று இன்னும் பத்து வருடம் பேசாமல் இருப்பார், ஆளை உனக்குத் தெரியும். அவர் எனக்கு அண்ணனாகத் திரும்பி வந்திருப்பது இந்த ஒரு வழியில்தான், அதில் கை வைக்க எனக்குத் தைரியமில்லை. உன் ஆபீஸ் நிலவரம் கஷ்டமென்றால் மறைக்காமல் சொல், துணி தைத்துச் சேர்த்தது என்னிடம் இருக்கிறது, அக்காவிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறேன். இன்னொன்று, நான் சொல்லித்தான் கட்டினாய் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே. இத்தனை நாள் கேலி செய்த வாயால் இப்போது அவர் பக்கம் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீயே யோசித்துத் தேவை என்று முடிவு செய்த மாதிரி எழுது, மனுஷன் ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சனிக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளி, பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. தில்லை நடராசர் உனக்கு வேலையையும் நல்ல மனிதர்களையும் நிறைவாகக் கொடுக்கட்டும், அப்பாவும் நானும் தினமும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கு ஏற்றுகிறோம். பொங்கலுக்கு முன்னால் கட்ட வேண்டும், தேதியை மறந்துவிடாதே. மாமாவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உப்பு ஜாஸ்தி என்று சொன்னவர், இலையில் ஒரு பருக்கை விடாமல் மூன்று தடவை குழம்பு வாங்கியது ஏனாம், அதை நான் கேட்க வேண்டாமா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
மலர்க்கொடி